இஷாக் குறைத்த மஞ்சள்

திண்டுக்கல் பேகம்பூரில் வந்து இஷாக் வீடு எது என்று கேட்டால், எந்த இஷாக் என்று திருப்பிக் கேட்பார்கள். கலர் இஷாக் என்று சொல்லிப் பாருங்கள், சந்து முனை வரைக்கும் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். பேருதான் கலர். ஆள் வருஷம் முழுக்கச் சாம்பல் நிறச் சட்டைதான். அவன் வேலை பார்க்கிற மாடி அறையின் சுவரும் சாம்பல், திரைச்சீலையும் சாம்பல். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் மனைவி ஜீனத் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, சிமெண்டு குடோன் மாதிரி வச்சிருக்கீங்க" என்று கேட்டாள். சுவரில் பச்சையோ ரோஸோ அடித்தால் அது கண்ணில் தங்கிவிடும், அப்புறம் கம்ப்யூட்டர் திரையில் எந்த நிறத்தைப் பார்த்தாலும் அது நிஜ நிறமாக இருக்காது என்பது அவன் கட்சி. சட்டையின் நிறம்கூடத் திரைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் என்பான். இப்படி ஒரு ஆளோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை, ஆனாலும் ஜீனத் நடத்தினாள்.

இஷாக் போட்டோ எடுக்கிறவன் இல்லை. செம்பட்டி, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று சுற்றுவட்டாரத்துப் போட்டோகிராபர்கள் எடுத்து அனுப்புகிற கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு நிறம் திருத்தி, ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. ஆரம்பத்தில் அவனும் எல்லாரையும் போலத் தன் கண்ணையும் தன் திரையையும் நம்பித்தான் திருத்திக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் நிலக்கோட்டைப் பூ வியாபாரி கருப்புசாமி. அவர் மகள் கல்யாணத்தில் பெண்ணின் சடை நிறைய மல்லிகை. ஆல்பத்தில் அந்த மல்லிகை பழுத்துப்போய் இருந்தது. கருப்புசாமி பஸ் ஏறி வந்து ஆல்பத்தை மேஜையில் வைத்தார்.

"தம்பி, நான் முப்பது வருசமா பூ விக்கிறவன். மக தலையில நேத்துப் பூவ வச்சு அனுப்புனேன்னு ஊருக்குள்ள பேசவா?"

இஷாக் அதே படத்தைத் திரையில் போட்டுக் காட்டினான். அங்கே மல்லிகை வெள்ளைவெளேர் என்று இருந்தது. கோளாறு திரையில்தான். அது வாங்கி நாளாகி நீலம் ஓடியிருந்தது. நீலமாகத் தெரிகிறதே என்று இவன் படத்துக்குப் படம் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். காகிதத்தில் அச்சாகும்போது நீலம் வரவில்லை, இவன் ஏற்றிய மஞ்சள் மட்டும் வந்தது. கருப்புசாமிக்கு வேறு ஆல்பம் போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்ததோடு, திரையின் நிறத்தை அளக்கிற கருவி ஒன்றையும் வாங்கினான்.

உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா, அடியில் ஒரு கண். திரையில் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஜீனத் அதற்குத் தவளை என்று பேர் வைத்தாள். மாதம் ஒரு தடவை இஷாக் திரையை அரை மணி நேரம் சூடாகவிட்டு, ஜன்னலைச் சாத்தி, தவளையைத் திரையின் நடுவில் தொங்கவிடுவான். திரை ஒவ்வொரு நிறமாகக் காட்டிக்கொண்டு வரும். சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் கறுப்பில் தொடங்கி வெள்ளை வரைக்கும் படிப்படியாகச் சாம்பல். எந்த நிறம் வரவேண்டும், எது வந்திருக்கிறது என்று தவளை அளக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் புரொஃபைல் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அன்று முதல் திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்து, படத்தை உள்ளபடிக்குக் காட்டும்.

கருவி வந்த பிறகு ஆளின் பேச்சே மாறிப்போனது. எவனாவது போட்டோகிராபர் தன் லேப்டாப்பைத் திறந்து, என் திரையில் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதம் செய்தால், "காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று சொல்லி வாயை அடைப்பான். படம் எடுக்கும் இடத்தில் முதலில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று எல்லாருக்கும் சட்டம் போட்டான். அந்த அட்டையைத் திரையில் சரியான சாம்பலாக்கிவிட்டால் அந்த வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களும் தானாகச் சரியாகிவிடும். அட்டை இல்லாத படமா, படத்தில் வெள்ளையாக என்ன இருக்கிறது என்று முதலில் தேடு. வேட்டியோ, துண்டோ, கோலமோ. அதை வெள்ளையாக்கு. மூஞ்சியை மட்டும் பார்த்துத் திருத்தாதே, மூஞ்சி உன்னை ஏமாற்றும். இது அவன் எல்லாருக்கும் ஓதுகிற பாடம்.

"பொண்ணு மாப்பிள்ளைய நிக்க வைக்கிறதுக்கு முன்னாடி உங்க அட்டையத்தான்ணே நிக்க வைக்கிறேன்" என்று செம்பட்டி மரியராஜ் கிண்டல் செய்வான். கிண்டல் செய்தாலும் அட்டையை மறக்காமல் கொண்டுபோகிறவன் அவன் ஒருத்தன்தான்.

கல்யாணமாகி ஏழாம் வருஷம் ஜீனத் உண்டானாள். தலைப்பிரசவம் என்பதால் வத்தலக்குண்டுக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. ஹாஃபிஸா என்று பேர். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது, பிறந்த பிள்ளைகளுக்கு வருவதுதான், பாலை நன்றாகக் கொடுங்கள், இரண்டு வாரத்தில் போய்விடும், போகவில்லை என்றால் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர் தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

ஏழாம் நாள் முடியிறக்கிப் பேர் வைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டு ஒருத்தர் தவறாமல் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இஷாக் கறுப்பு, ஜீனத் மாநிறம், இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது எலுமிச்சம்பழ நிறம் என்று வியந்தார்கள். ஜீனத்தின் அம்மா நசீம் பானு, முறுக்கும் அதிரசமும் சுட்டு வத்தலக்குண்டுக் கடைகளுக்குப் போடுகிற பெண்மணி, நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவள், எதற்கும் அசராதவள். அவளுக்கே அன்று பெருமை பிடிபடவில்லை. "எங்க அம்மா கலரு. ரெண்டு தலமொற தாண்டி வந்துருக்கு" என்றாள். பெண்பிள்ளை எலுமிச்சம்பழ நிறமாக இருந்துவிட்டால் நம் ஊரில் அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டு இஷாக்கால் வத்தலக்குண்டில் தங்க முடியவில்லை. ஜீனத் தினமும் போனில் படம் எடுத்து அனுப்பினாள். அவன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கி, வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டிருப்பான். பிள்ளை மஞ்சளாகத்தான் தெரிந்தது. அவனுக்கு மாமியார் வீட்டுக் கூடம் தெரியும். சுவர் சந்தன நிறம், விளக்கு குண்டு பல்பு. போன் கேமரா அந்த வெளிச்சத்தில் மஞ்சளைத்தான் வாரிக்கொண்டு வரும். இதைத் திருத்துவது அவனுக்குக் கைவேலை. மஞ்சளைக் கூட்டிக் குறைக்கத் திரையோரம் ஒரு கோடு உண்டு, அதைப் பிடித்து இழுத்தான். முகம் தெளிந்து பூப்போல வந்ததும் நிறுத்தினான். "இத வச்சுக்க" என்று ஜீனத்துக்குத் திருப்பி அனுப்பினான். ஜீனத் அதைக் குடும்ப குரூப்பில் போட்டாள். மறுநாளும் ஒரு படம், மறுநாளும் ஒரு திருத்தம். நாளாக ஆக அவன் சற்றுக் கூடுதலாகவே இழுத்தான், ஏனென்றால் வருகிற படங்கள் சற்றுக் கூடுதலாகவே மஞ்சளாக இருந்தன. ஊருக்கெல்லாம் மூஞ்சியைப் பார்க்காதே என்று பாடம் நடத்தியவன் தன் மகள் விஷயத்தில் மூஞ்சியை மட்டும்தான் பார்த்தான். தகப்பன் வேறு எதைப் பார்ப்பான்?

இடையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தான். இரண்டும் சாயங்காலம். பிள்ளையைச் சுற்றிப் போர்த்தி, குண்டு பல்புக்குக் கீழே மடியில் கொடுத்தார்கள். மோந்து பார்த்துவிட்டு வந்தான்.

இருபதாம் நாள் ஜீனத் போன் செய்தாள்.

"புள்ளைக்கு மஞ்சள் இன்னும் போகலையோன்னு தோணுதுங்க. ஆஸ்பத்திரில காமிச்சிருவமா?"

"மாமி என்ன சொல்றாங்க?"

"நாப்பது கழியாம பச்ச ஒடம்போட வெளிய போகக் கூடாதுங்கிறாங்க. கலருக்குப் போயி யாராச்சும் டாக்டரப் பாப்பாங்களான்னு சிரிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் கலர் தெரியும்."

இஷாக் முன்னால் திரையில் பன்னிரண்டு படம் வரிசையாக இருந்தது. ஒன்பதாம் நாளிலிருந்து அன்று வரைக்கும். எல்லாம் அவன் திருத்தி வைத்தவை. இடமிருந்து வலம் பார்த்தால் மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது.

"குறைஞ்சுக்கிட்டுத்தான் வருது. உன் போன்லயே வரிசையாப் பாரு" என்றான்.

அவள் பார்த்தாள். குறைந்துகொண்டுதான் வந்தது. ஆமா என்றாள். நாற்பது கழியட்டும், தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

நாற்பதாம் நாள் தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றி, புது உடுப்பு மாட்டி, வீட்டோடு ஒரு விருந்து வைத்தார்கள். கையில் வேலை குவிந்து கிடந்ததால் இஷாக் போகவில்லை, மரியராஜ்தான் போய்ப் படம் எடுத்தான். இஷாக் வீட்டு விசேஷம் என்று ஒரு பைசா வாங்கவில்லை. கறியும் சோறும் தின்றுவிட்டு, படங்களை நாற்பத்திரண்டாம் நாள் காலையில் அனுப்பினான்.

அன்றைக்குத் தவளையைத் தொங்கவிட வேண்டிய நாள். இஷாக் முறைப்படி திரையைச் சூடாக்கி, அளந்து, புதுப் புரொஃபைலைப் போட்டுவிட்டுத்தான் மகள் படத்தைத் திறந்தான். முதல் படம் சாம்பல் அட்டை. அதைச் சொடுக்கிச் சாம்பலாக்கினான். மற்ற படங்கள் அத்தனையும் ஒரே நொடியில் சரியாயின. ஜீனத்தின் ஊதாச் சேலை ஊதாவாக வந்தது. நசீம் பானுவின் வெள்ளைத் துப்பட்டா வெள்ளையாக வந்தது. அவள் மடியில் பிள்ளை மஞ்சளாக இருந்தது.

தவளை சரியாக அளக்கவில்லையோ என்று நினைத்தான். மறுபடியும் தொங்கவிட்டு, முதலிலிருந்து அளந்தான். அதே புரொஃபைல், அதே படம். துப்பட்டா வெள்ளை, பிள்ளை மஞ்சள். மரியராஜுக்குப் போன் போட்டான்.

"எந்த வெளிச்சத்துலப்பா எடுத்த?"

"வீட்டு முத்தத்துலண்ணே. காலைல ஒம்பது மணி. நல்ல நெழலு."

"பல்பு எதும் எரிஞ்சுச்சா? பக்கத்துல மஞ்சத் துணி, பந்தல் எதும்?"

"ஒண்ணுமில்லண்ணே. அட்டையும் வச்சுத்தான எடுத்தேன்? ஏன், கலர் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி போனை வைத்தான்.

குற்றம் சொல்ல இனி யாரும் மிச்சமில்லை. திரை சரி, வெளிச்சம் சரி, கேமரா சரி. இஷாக் படத்தைப் பெரிதாக்கினான். பிள்ளை கண்ணை முழித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடமும் மஞ்சள். அந்த மஞ்சள் போகிற வரைக்கும் கோட்டை இழுத்துப் பார்த்தான். கண் வெளுத்தது. கூடவே நசீம் பானுவின் துப்பட்டா நீலமாகிப்போனது.

தான் திருத்தி அனுப்பிய பழைய படங்களை எல்லாம் திறந்தான். பிள்ளையை எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டில்தான் சுற்றி வைப்பார்கள். அந்தத் துண்டை அவனே திண்டுக்கல்லில் வாங்கிக் கொடுத்தது. முப்பது சொச்சம் படம். ஒவ்வொன்றிலும் முகம் பூப்போல இருந்தது, துண்டு நீலமாக இருந்தது. கடைசி கடைசியில் இழுத்த படங்களில் வானத்து நீலம். மரியராஜ் இப்படி ஒரு படம் அனுப்பியிருந்தால், துண்டு எந்தக் கடையில்டா வாங்கின என்று இஷாக் அவன் மானத்தை வாங்கியிருப்பான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகும் இல்லை, கண்ணெதிரே இருந்த துண்டு.

செருப்பை மாட்டினதும் பஸ் ஏறினதும் அவனுக்கு நினைவில்லை. வத்தலக்குண்டில் இறங்கி வீட்டுக்குப் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது.

"வாங்க மாப்ளே, ஒரு போன் பண்ணியிருந்தா சோறும் வெஞ்சனமும் எடுத்து வச்சிருப்பேன்ல" என்று நசீம் பானு எழுந்தாள்.

அவன் நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்தான். ஏழாம் நாளுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் மகளை அன்றைக்குத்தான் பார்க்கிறான். பார்க்க ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

"திண்டுக்கல்ல குழந்தை டாக்டரப் பாக்கணும். இப்பவே கெளம்பணும்."

"எதுக்கு மாப்ளே? நல்லாத்தான பால் குடிக்குது. கலரு கலருன்னு பேசி நீங்களே புள்ளைக்குக் கண்ணு நஜர் வச்சிராதீங்க" என்றாள் நசீம் பானு.

ஜீனத் அவன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையில் துணியை எடுத்து வைத்தாள்.

பஸ்ஸில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். செம்பட்டியில் சொல்லலாம் என்று நினைத்தான், செம்பட்டி போய்விட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் சொல்லவேண்டிய தேவையே இருக்காது என்று ஒரு நப்பாசை. இஷாக் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் கையில் ஒரு உண்மை கிடைத்தால் அதை இந்தா அந்தா என்று தள்ளிக்கொண்டுதான் போவான்.

டாக்டர் அம்மாள் பிள்ளையை உடுப்பில்லாமல் ஜன்னலோரம் கிடத்திப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரம் துணியில் கறை பிடிக்கிறதா என்று கேட்டார். பிடிக்கிறது என்றாள் ஜீனத்.

"மலம் என்ன கலர்ல போகுது?"

"வெளுத்துப்போயி, சுண்ணாம்பு கரைச்ச மாதிரி டாக்டர். பால் மட்டும் குடிக்கிற புள்ளைக்கு அப்படித்தான் போகும்னு அம்மா சொன்னாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "பொறந்ததுல இருந்து மஞ்சள் ஒரே மாதிரி இருக்கா?"

"இல்ல டாக்டர், நடுவுல நல்லாக் குறைஞ்சிருச்சு. தெனமும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பாருங்க." ஜீனத் போனை நீட்டினாள். இஷாக் திருத்திக் கொடுத்த படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. டாக்டர் நாலைந்து படம் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"போயிட்டுத் திரும்பி வந்த மஞ்சள்னா அது வேற வியாதி. போகவே இல்லேன்னா அது வேற. அதுக்குத் தகுந்த மாதிரிதான் நான் எங்க அனுப்பணும்னு முடிவு பண்ணணும். உறுதியாச் சொல்லுங்கம்மா, நடுவுல குறைஞ்சுச்சா?"

"குறைஞ்சுச்சு டாக்டர். போட்டோவுலயே இருக்கே."

போன் கேமரா சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த எண்ணமும் இஷாக்குக்கு வந்தது, அதை மறைப்பானேன். மேஜையில் கிடந்த மகள் கொட்டாவி விட்டது.

"குறையல டாக்டர்" என்றான். "நான்தான் குறைச்சேன்."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் போட்டோ கலர் திருத்துற வேலை பாக்குறேன். பல்பு வெளிச்சம்னு நெனச்சு மஞ்சள எடுத்துட்டு அனுப்புனேன். எல்லாப் படத்துலயும் எடுத்திருக்கேன். எடுக்காத படம் என்கிட்ட இருக்கு, தேதியோட." தன் போனில் ஜீனத் முதலில் அனுப்பிய படங்களைத் திறந்து கொடுத்தான். டாக்டர் ஒன்பதாம் நாளிலிருந்து வரிசையாகப் பார்த்தார். ஒன்றிலும் மஞ்சள் குறையவில்லை. வாரத்துக்கு வாரம் ஏறியிருந்தது. டாக்டர் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஈரல்ல இருந்து பித்தம் குடலுக்கு வர்ற குழாய் அடைச்சிருக்கோன்னு சந்தேகமா இருக்கு. மதுரைக்குப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அதுதான்னா ஆபரேஷன் பண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள பண்ணிட்டா ஈரல் தப்பிக்க வழி இருக்கு. நாள் ஆக ஆக வழி கொறையும். இருபது நாளுக்கு முன்னாடியே வந்திருந்தீங்கன்னா இவ்வளவு பதறவேண்டியிருக்காது."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரம் போனதும் ஜீனத் கேட்டாள்.

"இருபதாம் நாள் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"உங்களுக்குத்தான் கலர் தெரியும்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

அவள் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். இஷாக்குக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டான்.

மதுரையில் ஒவ்வொரு சோதனையாக எடுத்தார்கள். ரத்தம், ஸ்கேன், ஈரலில் ஊசி விட்டு ஒரு துளி சதை. திண்டுக்கல் டாக்டர் சந்தேகப்பட்டதுதான். ஐம்பத்தைந்தாம் நாள் ஆபரேஷன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத வயிற்றைக் கிழித்து, குடலை எடுத்து ஈரலோடு சேர்த்துத் தைத்தார்கள். நசீம் பானு ஆபரேஷன் அறை வாசலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தாள். எலுமிச்சம்பழம் என்று சொன்ன தன் வாயைத் தானே அறைந்துகொண்டாள். அவளும் இஷாக்கும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பாவம் செய்தவர்களுக்குள் பேச்சு எதற்கு?

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். மதுரைக்கு அடிக்கடி போகவேண்டும் என்பதால் ஜீனத் பேகம்பூருக்கே வந்துவிட்டாள், துணைக்கு அவள் அம்மாவும். ஆபரேஷன் முடிந்துவிட்டது, பலித்ததா இல்லையா என்று இப்போதே சொல்ல முடியாது, பித்தம் இறங்கினால் மலம் நிறம் மாறும், அதுதான் அடையாளம் என்று சொன்ன டாக்டர்கள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அட்டையில் ஏழு கட்டம். முதல் மூன்றும் வெளுப்பு, அது கூடாது. கடைசி மூன்றும் நல்ல நிறம். நடுவில் இருக்கிற நாலாவதுக்கு என்ன அர்த்தம் என்று ஜீனத் கேட்டாள். பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். தினமும் பிள்ளை வெளிக்குப் போன துணியை அட்டையோடு ஒப்பிட்டு எத்தனாவது கட்டம் என்று எழுதி வரச் சொன்னார்கள். பல்பு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது, பகலில் பார்க்கவேண்டும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் இஷாக் அதை எந்த அச்சகத்தில் அடித்திருப்பார்கள், நிறம் பிசகாமல் வந்திருக்குமா என்று யோசித்தான். அப்படி யோசித்ததற்கு அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பிள்ளை துணியில் வெளிக்குப் போனது. ஜீனத் துணியை எடுத்து மடித்தாள். இஷாக் அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"கொண்டா, நான் பாக்குறேன். நேர் வெயில்ல காட்டக் கூடாது. வாசப்பக்கம் நெழல்ல வச்சு, அட்டைய ஒட்டினாப்ல பிடிக்கணும்."

ஜீனத் அட்டையை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க பாக்க வேணாங்க" என்றாள். அதில் கோபம் இல்லை. "நீங்க பாத்தா நல்லாத்தான் தெரியும்."

அவள் வாசலுக்குப் போனாள். நசீம் பானுவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். இஷாக் கூடத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசலில் இரண்டு பேரும் குனிந்து நிற்பது தெரிந்தது. துணி தெரியவில்லை.

"அஞ்சாவதுடி. நல்லாத் தெரியுது பாரு, அஞ்சாவதேதான்" என்றாள் நசீம் பானு.

ஜீனத் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், மறுபடி கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இல்லம்மா. நாலு."

"அஞ்சு மாதிரிதான்டி இருக்கு."

"நாலுதாம்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பாமலே உள்பக்கம் குரல் கொடுத்தாள். "நாலுன்னு எழுதுங்க."

இஷாக் நாலு என்று எழுதினான்.